மாப்பிள்ளை மழையில் நின்றார்

மாப்பிள்ளை காதில் விழுமே என்றுதான் அடக்கினேன். வேறு காரணமே கிடையாது. பொம்பளையாகப் பிறந்தால் இதற்கெல்லாம்கூட உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் கழுத்தளவு ஏறிவிட்டது. மொட்டைமாடியில் இருந்த ஒற்றை ஷீட் அறையில் அடைந்து கிடந்தோம்: நான், பிரசவத்துக்கு வந்திருந்த மகள், கைக்குழந்தை, குழந்தையைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை. கக்கூஸ் கீழே முங்கிப்போனது. மகள் மூலையில் ஒரு புடவையைக் கட்டி, பின்னால் எண்ணெய் டின்னை வைத்தாள். தகர டின். ஒரு சொட்டு விழுந்தாலும் அறை முழுக்கக் கேட்கும். மாப்பிள்ளை இருக்கும்போது அதிலே போய் நான் உட்காருவதா? சீச்சீ.

அவரோ அடிக்கடி வெளியே போய் மழையில் நின்றார்.

"உள்ள வாங்க மாப்ளே, சளி புடிச்சுகினா இன்னா பண்றது?" என்று நான்தான் கூப்பிடுவேன். வருவார், தலையைத் துவட்டுவார், திரும்பவும் போவார். இந்த மனிதருக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாதா என்று எரிச்சலாக வந்தது. எந்த நேரம் கதவைத் திறப்பாரோ என்று தொடையை இறுக்கிக்கொண்டு சுவரோரம் கிடந்தேன்.

சாயங்காலம் அடிவயிற்றில் ஏதோ விட்டுப்போனது. உயிர் போய் வந்தது. அதோடு அந்த அவசரமும் காணாமல் போக, அப்பாடா என்றிருந்தேன், மடச்சி. இருட்டுவதற்குள் வயிறு வீங்கிவிட்டது. சுற்றிலும் தண்ணீர், போனில் சார்ஜ் இல்லை, இறங்க வழியில்லை. இந்த ஷீட்டுக்கு அடியிலேயே செத்துப்போவேன் என்று பயந்தேன்.

விடிந்ததும் நெட்டுக்குப்பத்து மீனவர்கள் பைபர் படகில் வந்து தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் குடலில்தான் ஓட்டை என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார்.

"கடைசியா எப்போம்மா யூரின் போனீங்க?"

மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார். "காத்தால போனேன்," என்றேன்.

"இல்ல டாக்டர்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நேத்து பூரா அத்தே போவவே இல்ல. அவங்க போவட்டும்னுதான் நான் மழையில போய் நின்னேன். ஒவ்வொரு தபாவும் உள்ள கூப்ட்டுகினே இருந்தாங்க. முன்ன இவங்களுக்கு கர்ப்பப்பை கேன்சர்னு கரண்ட் வேற வெச்சாங்க."

கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் என்போம். டாக்டரம்மாவின் முகம் மாறியது. கரண்ட் வைத்ததில் நைந்துபோன சிறுநீர்ப்பை, நிரம்பித் தானாகவே கிழிந்திருக்கிறது. உடனே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம்.

தையல் ஆறும்வரை குழாய் போட்டு, கட்டிலில் ஒரு பை தொங்கியது. பச்சை உடம்புக்காரி மகளால் வர முடியாது. பொம்பளை வார்டில் ஆயாவிடம் கெஞ்சி, மாப்பிள்ளைதான் வந்து பையை எடுத்துப்போய் ஊற்றினார். முதல் தடவை நான் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன்.

"நல்லா வந்துகினு கீது அத்தே," என்றார், வார்டு முழுக்கக் கேட்கும்படி.