தலைக்கு மேலே வந்த டம்ளர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று நடந்தது இது. எங்கள் தெரு மாட வீதியில் போய்ச் சேரும் முனையில் நாங்கள் போட்டிருந்த மோர்ப் பந்தலில் நடந்தது. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அப்போது தெரு நலச் சங்கத்துக்குத் தலைவன். இதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் அதிகம் இல்லை. ஆனாலும் அந்தப் பிற்பகலை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று நாயன்மார்கள் அறுபத்து மூவரும் சப்பரங்களில் மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். வெயிலில் நிற்கும் கூட்டத்துக்குத் தெருவுக்குத் தெரு மோரும் பானகமும் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் தார்ச் சாலையே கண்ணில் படாது, எங்கும் பேப்பர் கப்தான். அந்த வருடம், திருவிழாக் குப்பையைக் குறைக்கத் தெருக்காரர்களும் சேர வேண்டும் என்று மாநகராட்சியில் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் வார்டுக் கூட்டம் நடந்தது. நான் எழுந்து, எங்கள் பந்தலில் ஒரு பேப்பர் கப் கூட இருக்காது என்று அறிவித்தேன். பலமாகக் கைதட்டினார்கள். வேறு எதில் மோர் கொடுப்பது என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

வழி சொன்னவர் எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் பெண்மணி. வங்கியில் வேலை பார்ப்பவர், பேச்சில் கெட்டிக்காரர்.

"எல்லாராத்து பரண்லயும் டம்ளர் தூங்கிண்டிருக்கே மாமா. யாரோ அறுபதாம் கல்யாணத்துக்கு வெச்சுக் குடுத்தது, யாரோ கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்தது. எறக்கினா ஊருக்கே மோர் குடுக்கலாம்."

அப்படியே வந்து சேர்ந்தன. பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள், மூட்டை மூட்டையாக. பாதிப் பெயர்கள் யாருடையவை என்று கொடுத்தவர்களுக்கே நினைவில்லை. சில டம்ளர்களில் மட்டும் அவர்களுடைய சொந்த அம்மா, மாமியார் பெயர்கள் இருந்தன.

என் மனைவியும் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். எங்கள் மகள் கல்யாணத்துக்குச் செய்ததில் மீந்த டம்ளர்கள், மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வெட்டியவை. நான் தடுத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் போனால் ஒன்றும் திரும்பாது, உள்ளே வை என்றேன்.

"அப்போ ஊரார் வீட்டுது மட்டும் போகலாமா?" என்று கேட்டாள். நான் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினேன்.

ஆனால் அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் பொருளுக்கு நான்தானே பொறுப்பு? அந்தக் காலத்து அலுவலகங்களில் தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் டம்ளரைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அது ஞாபகம் வந்தது. மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு டம்ளரிலும் விளிம்புக்குக் கீழே துளை போட்டு, மெல்லிய சங்கிலி மாட்டி வாங்கி வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தை மெச்சுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

உற்சவத்தன்று காலை மேஜைமேல் சங்கிலிகளைப் பிணைத்து வைத்ததும் பெண்கள் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. கீழ்த்தளத்துப் பெண்மணி ஒரு டம்ளரை எடுத்துத் துளையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்க அத்தை பேர், மாமா" என்றார். சண்டை போட நேரமில்லை. அதற்குள் மோருக்கு வரிசை சேர்ந்துவிட்டது.

சங்கிலி குட்டை. குடிப்பவர்கள் மேஜைமேல் குனிய வேண்டியிருந்தது. ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் வரலாம். டம்ளரைச் சாய்த்தால் துளை வழியாக மோர் சட்டையில் சொட்டியது. பேன்ட் மடித்துவிட்ட ஒருவர் மார்பைத் துடைத்துக்கொண்டே, "இன்னா சார், டம்ளரா இது, பன்னீர் சொம்பா?" என்று கேட்டார். பின்னாலிருந்து இன்னொரு குரல், "உஷாரு நைனா, அடுத்து உன்னையும் கட்டிப் போட்டுருவாரு" என்றது. வரிசையே சிரித்தது. நான் கேட்காதவன் போல மோரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நேரம் ஆக ஆக வரிசை மாட வீதிக்குள் நீண்டு வழியை அடைத்தது. பந்தோபஸ்துக்கு நின்ற காவலர் வந்தார்.

"சாமி இந்தப் பக்கம் திரும்புற நேரம் சார். அதுக்குள்ள இந்தக் கூட்டம் கலையலன்னா பந்தலைப் பிரிச்சுடுவேன். பேசாம பேப்பர் கப்ல ஊத்திக் குடுத்து அனுப்புங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடைக்குப் போய்க் கப் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

கீழ்த்தளத்துப் பெண்மணி குறுக்கே வந்து நின்றார். "வார்டு மீட்டிங்ல எழுந்து சொன்னது நீங்கதானே மாமா? சரி, போங்கோ. போறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுங்கோ. இதுல உங்காத்து டம்ளர் எது?"

நான் மேஜையைப் பார்த்தேன். எதையாவது தொட்டுக் காட்டியிருப்பேனோ என்னவோ, தெரியாது. அதற்குள் என் மனைவி, "எங்க வீட்டுது ஒண்ணு கூட இல்ல. இவர் வேண்டாம்னுட்டார். இதோ எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுப் பக்கம் நடந்தாள். முழங்கால் வலி என்று மாடிப்படிக்கே யோசிப்பவள்.

அவள் போனதும் மற்றவர்களும் ஓடினார்கள். காலையில் மனம் நொந்து நின்ற அதே பெண்கள். எதிர்க் கட்டடத்தில் தையல் கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மா, "நம்ம வீட்ல நோன்புக் கஞ்சிக் கிண்ணம் நெறைய இருக்கு, ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் பந்தலில் கை வைக்கவில்லை. சற்று நேரத்தில் வாளிகளிலும் கூடைகளிலும் டம்ளர்கள் வந்து இறங்கின. எதிலும் துளை இல்லை. என் மகள் பெயர் வெட்டிய டம்ளர்களும் இருந்தன.

ஊற்ற ஊற்ற வாங்கிக்கொண்டு போனார்கள். அடைத்து நின்ற வரிசை மளமளவென்று கரைந்தது. ஆனால் டம்ளர்களும் ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் போய் மறைந்தன. சங்கு முழங்கியது, கயிலாய வாத்தியம் அதிர்ந்தது, முதல் சப்பரம் திரும்பியது. மாட வீதிக் கூட்டம் மொத்தமும் எங்கள் தெருவுக்குள் நெருக்கித் தள்ளியது. ஒருவரும் அசைய முடியவில்லை. அண்டா நிறைய மோர் இருக்கிறது, ஊற்றி அனுப்ப, சங்கிலியில்லாத டம்ளர் ஒன்று கூட இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று மனைவியிடம் சொன்னேன்.

அப்போது விளக்குக் கம்பத்தோடு நசுங்கி நின்ற ஒரு காக்கிச் சட்டை ஆட்டோக்காரர் சத்தம் போட்டார்: "இன்னாபா, அல்லாரும் டம்ளர கையில வெச்சிக்கினு சாமி பாக்குறீங்க? பின்னால தள்ளி வுடுங்கபா. அங்க பெருசு பயந்துக்கினு கீது பாரு."

முதலில் ஒரு டம்ளர் தலைகளுக்கு மேலே எழுந்தது. கை மாறி, கை மாறி, மேஜைக்கு வந்தது. பிறகு நாலைந்து. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வெயிலில் பளிச் பளிச் என்று எவர்சில்வர் மின்ன, கூட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் டம்ளர்கள் எங்களை நோக்கி வந்தன. வளையல் போட்ட கை, பச்சை குத்திய கை, தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையின் கை. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று வாங்கினேன். கழுவி, ஊற்றி, நிரம்பிய டம்ளரை அதே வழியில் திருப்பி அனுப்பினோம். யார் தலையிலோ மோர் கொட்டியது. "குளுகுளுன்னு கீதுபா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று அவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாயன்மார்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, டம்ளர்கள் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தன. வகுப்பறையை விட்ட பிறகு குரலையே உயர்த்தாத நான், "கம்பத்துப் பக்கம் நாலு அனுப்புங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். காவலருக்கும் ஒரு டம்ளர் தலைக்கு மேலேதான் போனது.

மாலையில் தெருவைப் பெருக்க வந்த அம்மா எங்கள் முனையில் கொஞ்ச நேரம் நின்றார். உதிர்ந்த பூவும், மிதிபட்ட கறிவேப்பிலையும்தான் கிடந்தன. "இன்னா சார், இந்தப் பக்கம் திருவிழாவே நடக்கலியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சில டம்ளர்கள் வரவில்லை. எங்களுடையதிலும் ஓரிரண்டு. அவற்றுக்காக யாரும் வருந்தவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில், என் வீட்டுப் பெட்டியை ஒளித்ததையும், கேட்காமல் துளை போட்டதையும் எல்லோர் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். புது டம்ளர் வாங்கித் தருகிறேன் என்று கீழ்த்தளத்துப் பெண்மணியிடம் சொன்னபோது, "அது அத்தை கையால குடுத்தது மாமா, வாங்க முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது ஆறவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் அந்த ஸ்டூலில் ஏறி நிற்கிறேன். மோர் கேட்டு நீளும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றையா சங்கிலியால் தடுக்கப் பார்த்தேன் என்று வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கத்தோடு எப்படியோ சந்தோஷமும் சேர்ந்தே வருகிறது.