சம்பந்தியம்மா அனுப்பிய அளவுக் குச்சி

கண்ணமங்கலத்தில் என் பட்டறைக்குள் வந்தால், யூ போல்ட்டுகள் தொங்குகிற சுவரில், கடைசி ஆணியில் ஒரு வேப்பங்குச்சி தொங்குவதைப் பார்க்கலாம். அதன் மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே கத்தியால் கீறிய கோடு ஒன்று இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வண்டிகளின் பாரம் தாங்கும் கமான் பட்டைகளைத் தட்டித் தட்டியே சொந்தப் பட்டறை வைத்தேன், வீடு கட்டினேன், மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். பட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், எழும் சத்தத்திலேயே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வருகிறவர்களிடம் எதைக் காட்டிப் பெருமை பேசுவேன் என்றால், அந்தக் குச்சியைத்தான்.

அதை அனுப்பியவர் என் சம்பந்தியம்மா, மூத்த மருமகனின் தாய். ஜவ்வாது மலை மேலே வீடு. சாமையும் புளியும் மூட்டை கட்டி, மகனின் வேனில் ஏறி, கலசப்பாக்கம் சந்தைக்கு வந்து விற்பவர். அவர் விலை சொன்னால் பேரம் பேச வியாபாரிகளுக்கே வாய் எழாது. ஒரு மழையில் பாறை வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. கட்டைக்கோல் பிடித்து நடக்கத் தேறிய பிறகும் முன்சீட்டில் மடங்கி உட்கார முடியவில்லை. பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார வைக்கலாம் என்றால், பின்கதவுப் பக்கம் வண்டித் தரை அவருக்கு எட்டாத உயரம். மகனும் மருமகளும் தூக்கி ஏற்றுகிறோம் என்று எவ்வளவோ கெஞ்சினார்கள். "பொணத்ததான் தூக்கி ஏத்துவாங்க. நான் இன்னும் சாவலடா" என்று கட்டைக்கோலைத் தரையில் குத்தினாராம். அதோடு சந்தை நின்றது. வாயும் நின்றது. சாப்பாடும் பாதியானது என்று என் மகள் போனில் அழுதாள்.

பலகை படி வைத்துப் பார்த்தார்கள், அது ஆடியது. கடைசியில் அந்தம்மாவே ஒரு யோசனை செய்தார். முற்றத்துக் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை ஊன்றி, யார் துணையும் இல்லாமல் அதன்மேல் உட்கார அவரால் முடிந்தது. அந்தக் கல்லின் உயரத்தைக் குச்சியில் கீறி மகனிடம் கொடுத்துவிட்டார். "சம்பந்தி பெரிய கமான் மேஸ்திரின்னு பீத்திக்கிறாரே, வண்டிய இந்த ஒசரத்துக்கு எறக்கச் சொல்லு, பாக்கலாம்."

மருமகன் கொண்டுவந்த குச்சியை அவருடைய வேனின் பின்னால் நிறுத்திப் பார்த்தேன். நான்கு விரற்கடை இறங்க வேண்டும். மலை வண்டி என்றால் எல்லோரும் கூடுதல் பட்டை போட்டு ஏற்றச் சொல்வார்கள். இறக்கு என்று கேட்டு வந்த முதல் வண்டி அது. இன்னொரு பட்டறையில் இரண்டு பட்டையை உருவிவிட்டால் போதும் என்றார்களாம். உருவினால் இறங்கும், யார் இல்லை என்றது? புளி மூட்டையோடு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டியின் உடம்பு டயரில் உட்கார்ந்துவிடும். "ஒரு பட்டையும் கொறையாது, மாப்ள. வளைவு மட்டும்தான் கொறையும்" என்றேன்.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிக் கமான் கட்டுகளை இறக்கினேன். பழைய வளைவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதன் கீழே எனக்கு வேண்டிய வளைவையும் வரைந்தேன். காய்ச்சித் தட்டுவது சுலபம், ஆனால் பட்டையின் உயிர் போய்விடும். காய்ச்சாமல் பச்சையாகவே, பட்டறைக் கல்லில் வைத்து விரல் விரலாக நகர்த்தித் தட்டினேன். ஒவ்வொன்றும் கோட்டின் மேல் படுத்ததா என்று பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வந்த பிறகுதான் அடுக்கிப் பூட்டினேன். மூட்டை ஏற்றிப் பார்த்தேன். சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடையே என் கை தாராளமாகப் போனது. மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தால், குச்சியின் கோடு பின்தரையோடு ஒட்டி நின்றது.

சந்தை நாள் விடியலில் மலையில் நானே நின்றேன். சம்பந்தியம்மா வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். கட்டைக்கோலை உள்ளே எறிந்தார். இரண்டு கையையும் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து, உட்கார்ந்தார். காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். மகன் கை நீட்டினான். "தள்ளிப் போடா, மூட்டைய ஏத்து" என்று பழைய குரலில் அதட்டினார். என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, வண்டி பனிக்குள் இறங்கத் தொடங்கியது. பாதை தெரியவில்லை, மரங்களின் உச்சிதான் பளபளவென்று தெரிந்தது. பின்பக்கம் இறங்கினால் முன்விளக்கு மேலே பார்க்கும் என்பதை இந்த மகா மேஸ்திரி மறந்திருந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது: "இன்னா சம்பந்தி, கொரங்குங்களுக்கு வெளக்கு காட்ட வந்தீங்களா?" இறங்கி விளக்கின் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். சந்தையில் அன்று அவர் வியாபாரிகளைப் போட்ட போடு இருக்கிறதே, அதைக் கேட்கவே கூட்டம் நின்றது.

அந்த வேன் ஓடித் தேய்ந்தது. போன வாரம் மருமகன் புது வேனோடு நேராக என் பட்டறைக்கு வந்தார். இப்போது பெரிய பட்டறைகள் வந்துவிட்டன, அங்கே போகவில்லை, அம்மாவின் உத்தரவாம். ஆணியிலிருந்து குச்சியை எடுத்து வண்டியின் பின்னால் நிறுத்தினேன். கோடு வண்டித் தரைக்கு எங்கேயோ கீழே கிடந்தது. "அம்மா வேற எதுனா சொன்னாங்களா, மாப்ள?"

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வெளக்கையும் சேத்து எறக்கச் சொன்னாங்க, மாமா."