அழவிடாத அண்ணன்

தொழிற்சாலை கேன்டீனில் வெங்காயம் நறுக்க அவளை விட்டால் ஆளில்லை. மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அவள் கத்தி மட்டும் நிற்காது. "கல் நெஞ்சுக்காரி" என்று மாஸ்டர் கிண்டலடிப்பார். கண் எரியத்தான் செய்யும். ஆனால் ஒரு சொட்டு வழியாது.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது அண்ணன்தான் ரத்தம் ஊறவைக்கும் தன் ஸ்டெம் செல்களைக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் அவனுக்கு ஆகாது. "அழுமூஞ்சி, எந்திரி" என்பான். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னான். அவனுடைய வெள்ளை அணுக்கள் அவளுக்குள் குடியேறி, ஒளிந்திருந்த புற்றை வேட்டையாடின. அதோடு நின்றிருக்கலாம். வந்த வேகத்தில் இடம் கொடுத்த வீட்டுக்காரியையும் விட்டுவைக்காமல், அவள் கண்ணீர்ச் சுரப்பிகளையே வறளச் செய்துவிட்டன. தெரிந்தால் அண்ணன் நொந்துபோவான் என்று அவள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு அவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். உடலருகே உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவளை அண்ணி வெறித்துப் பார்த்தாள்.

"உனக்குள்ள ஓடுறது அவரு ரத்தம். அவருக்காக ஒரு சொட்டு வரலையா?"

அவன் கொடுத்ததுதான் கண்ணீரை வற்றவைத்தது என்று அவன் உடல் முன்னால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அன்றோடு அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதன்பின் கண்ணாடி பார்க்கவே பயம். சிவந்த கண்ணுக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டு, "அழாதே" என்று அதட்டுவது போலிருக்கும். செத்தும் அடங்கவில்லையே என்று கோபம் வரும்.

"ஒரு தடவ என்னை அழ வைங்க டாக்டர்."

"மருந்து குடுத்து அந்த அணுக்கள இன்னும் அடக்கிப் பாக்கலாம். கண்ணீர் திரும்பும்னு உறுதி இல்லம்மா. அதோட, புத்து திரும்பாம காவல் காக்குறதும் அதே அணுக்கள்தான். யோசிச்சுக்குங்க."

மருந்துச் சீட்டோடு நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உயிர் போனாலும் பரவால்ல அண்ணி. இதச் சாப்பிட்டு அண்ணனுக்காக அழுதுடுறேன்."

அண்ணி அவள் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"இன்னும் உள்ள இருக்காரா?"

"இருக்காரு."

அண்ணி சீட்டை வாங்கிக் கிழித்தாள். "அப்ப அவர எதுக்குடி அடக்குற? இருக்கட்டும். உனக்கும் சேத்து நான் அழுதுக்குறேன்."