உண்ணிச்செடி கீறிய வண்டி

எங்கள் காரைப் பார்ப்பவர்கள் இப்போதும் "புதுசா எடுத்ததா?" என்று கேட்கிறார்கள். பானெட் அப்படிப் பளபளக்கும். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வரும். எதையோ சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன்.

கருநீலம் நான் பிடிவாதமாக எடுத்த நிறம். சின்னமனூர்த் தூசிக்கு வெள்ளைதான் சரி என்று ஷோரூமிலேயே சொன்னார்கள். ஒன்றை முடிவு செய்துவிட்டால் இறங்கி வருகிற ஆள் இல்லை நான். என் கணவருக்கு மேகமலையில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். பெரும்பாலும் பஸ், எப்போதாவது காரை மலைக்கு எடுத்துப் போவார். எடுத்தது நான், ஓட்டுவது நான், ஆனால் அப்பாவுக்கு அது கடைசி வரை "மாப்பிள்ளை வண்டி"தான். அதில் எனக்குக் கொஞ்சம் பொருமல் உண்டு.

அம்மா போன பிறகு அப்பாவை ஓடைப்பட்டியிலிருந்து எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மறதி அப்போதே தொடங்கியிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். தண்ணீர் பக்கத்துத் தோட்டம் வரை போய்விடும். மறதியைவிட அவரை அதிகம் வாட்டியது வேறொன்று. மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்பது. மருமகன் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "உட்காருங்க மாமா" என்று என் கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா வாசலைக் கூட்டுவார், முருங்கைக்கீரை ஆய்வார், காய்ந்த துணிகளை மடிப்பார். எல்லாமே மருமகன் கண்ணில் படும்படி நடக்கும்.

ஓர் அமாவாசைக் காலையில் காரைக் கழுவினார்.

எங்கள் பக்கம் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். அன்று மாட்டுக்கு ஓய்வு. தொட்டிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவார்கள். மாடு விற்று எத்தனையோ காலமாகியும் அப்பாவுக்கு அந்த நாள் உடம்பில் இருந்தது. கொல்லையில் மணல் குவியல்மேல் கிடந்த தேங்காய் நாரை எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, பானெட்டிலிருந்து டிக்கி வரை வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறார். காரை மாடு என்று நினைக்கும் அளவுக்கு அவர் புத்தி போய்விடவில்லை. கார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கைக்குத்தான் வேறு விதமாகக் கழுவத் தெரியாது. மாட்டுக்கு நெற்றியில் தேய்த்தால் பிடிக்கும் என்பதால், பானெட்டின் நடுவில் இன்னும் அழுத்தித் தேய்த்திருந்தார்.

தண்ணீர் காயும் வரை ஒன்றும் தெரியவில்லை. காய்ந்ததும் வெயிலில் எல்லாம் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்கன வந்து பாரு. எவனோ மாப்பிள்ளை வண்டியக் கீறிப்புட்டான்."

கழுவியது அதற்குள் மறந்துவிட்டிருந்தது. கையில் நார் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று என் கணவர் வீட்டில் இருந்தார். அவர் நாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்: "அது ஒண்ணுமில்ல மாமா. மேகமலை ரோட்டுல ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி முள்ளு முள்ளா மண்டிக் கிடக்கு. ஒதுங்கும்போது கீறிருச்சு."

இந்தப் பொய்க்காகவே அந்த மனிதரை நான் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வேன்.

அதன்பின் எங்கள் வீட்டில் உண்ணிச்செடிக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. மறதி முற்ற முற்ற அப்பாவுக்கு எல்லா நாளும் அமாவாசை ஆனது. நாரை ஒளித்தேன், சாக்கை எடுத்தார். சாக்கை ஒளித்தேன், தெருவில் கிடந்த தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்தார். காருக்கு உறை வாங்கிப் போட்டேன். அவிழ்த்து அழகாக மடித்து வைத்துவிட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் காய்ந்ததும் பதறுவார். மருமகன் வந்தால் வாசலிலேயே மறித்து, "அந்த ரோட்டுல வண்டியக் கொண்டு போகாதீக மாப்பிள்ளை, சீரழிஞ்சு போச்சு" என்று கெஞ்சுவார். இவரும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார். கீறலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்பாவுக்கு அது முதல் முறை. அந்தப் பதற்றத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. வண்டி எப்படிப் போனால் என்ன, கண்ணில் படுகிற கீறலையாவது எடுத்துவிட்டால் அவர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

தேனியில் ஒரு பெயிண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுத்துக் காட்டினார்.

"நகம் சிக்கலைன்னா பாலீஷ்லயே போயிரும்க்கா. இதுல சிக்குது பாருங்க. வாட்டர் பேப்பர்னு நைசான உப்புத்தாளு இருக்கு, தண்ணி விட்டு அதப் போட்டுத் தேச்சாத்தான் மட்டமாகும். வண்டிய நாலஞ்சு நாளு விட்டுட்டுப் போங்க."

விட முடியாது. ஒருமுறை சர்வீசுக்கு விட்டபோது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார் என்று அப்பா தெருவெல்லாம் விசாரித்து அலைந்தார். அதனால் செய்யும் முறையைக் கேட்டுக்கொண்டேன். தேய்க்கும்போது தண்ணீர் பால்போல் வந்தால் மேல்பூச்சுதான் தேய்கிறது, பயமில்லை. நீலம் கலந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். அந்தப் பேப்பரும் மெருகேற்றும் காம்பவுண்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் மலையிலிருந்து இறங்கவில்லை. அப்பா சாப்பிட்டுத் தூங்கிய நேரம், பேப்பரை ஊறவைத்து, ரப்பர்க் கட்டையில் சுற்றி, ஷாம்பூத் தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். முன்னும் பின்னும் நேர்கோட்டில்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை கீறல் எதுவும் தெரியாது, துடைத்தால்தான் தெரியும். பால் போன்ற தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. ஒருகட்டத்தில் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

பானெட் முழுக்க மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. மேலாக இருந்த கோடுகள் போயிருந்தன. பேப்பர் எட்டாத ஆழத்தில் இருந்தவை மட்டும் அந்த மங்கலுக்கு நடுவே மினுமினுவென்று தெரிந்தன. வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவில். அதுவரை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

அப்பா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. பக்கத்தில் நின்றிருந்தார். பதறவில்லை. பானெட்டின் நடுவில் கையை வைத்தார். கை அந்த வட்டத்தில் மெல்ல ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு நின்றுவிட்டது.

"இது உண்ணிச்செடி இல்ல ஆத்தா."

"செடிதாம்ப்பா."

"செடி நேரால்ல கீறும்? இது கை." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "என் கையி."

நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்தது. அவர் காதில் அது ஏறியதாகவும் தெரியவில்லை.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

நான் துணியை எடுத்துப் பானெட்டை மறுபடி துடைத்தேன்.

"எம்புட்டு நாளா பொறுத்துக்கிட்டு இருந்தாகளோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து மிச்சத்தையும் தேய்த்தேன். பாதியில் விட்டால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், வேறென்ன செய்வது? இன்னும் மெல்லிய பேப்பர் போட்டு, காம்பவுண்டு போட்டு, பாலீஷ் போட்டு முடித்தபோது ஒரு கோடு இல்லை.

மறுநாள் காலையில் மறந்திருப்பார் என்று நம்பினேன். காலைச் சாப்பாட்டையே மறக்கிறவர்தானே. நாரைக்கூட நானே கொல்லையில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் போட்டு வைத்தேன். அவர் தொடவில்லை. வாசலைக் கூட்டும்போதும் காரைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டுக் கூட்டினார். சில நாட்களில் அதையும் நிறுத்திக்கொண்டார். "அமாவாசைப்பா இன்னைக்கு" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். மருமகன் வரும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பதற்குப் பதில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அதன்பின் ஒவ்வொன்றாக அவர் நினைவிலிருந்து போனது. திராட்சைத் தோட்டம் போனது. அம்மா இறந்தது போனது, அவளைத் தேடினார். என் பெயர் போனது. என்னை "ஆத்தா" என்று மட்டும் கூப்பிட்டார், ஊசி போட வீட்டுக்கு வந்த நர்சையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கடைசியாகத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, என் கணவர் அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்தார். நான் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தேன். வண்டியைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அதற்குள் சுற்றி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"புடிச்சு ஏறுங்க மாமா, விழுந்துருவீங்க," என்றார் என் கணவர்.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"வேணாங்க சார். யாரு வண்டியோ, என் கையி பட்டாக் கீறிரும்."