அண்டாவில் விழுந்த வெள்ளை உருண்டைகள்

கொதிக்கிற அண்டாவுக்குள் சாயப்பட்டறை அண்ணா ஒரு கைப்பிடி வெள்ளை உருண்டைகளைப் போட்டார். ஒவ்வொன்றும் மிளகு அளவுதான். போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. கம்பியில் மாட்டியிருந்த பட்டு நூல் கட்டுகளை அவர் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இருந்த அரக்குச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக நூலில் ஏறியது. கடைசியில் தண்ணீர் தெளிந்துவிட்டது, நூலில் ஒரு திட்டு இல்லை. எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். அட, இது நான் ஆபீசில் தினமும் எழுதுகிற சமாச்சாரம் ஆச்சே.

வேதியியல் படித்துவிட்டு, பேட்டண்ட் ஏஜென்ட் பரீட்சை எழுதி, சென்னையில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். மருந்துக் கம்பெனிகளின் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது என் வேலை. வயிற்றுக்குள் போனதும் ஒரேயடியாகக் கரையாமல் சிறுகச் சிறுகக் கரைகிற மாத்திரை ஒன்று வந்தால், அதன் மேல்பூச்சு என்ன, எத்தனை பங்கு, எந்தச் சூட்டில் பூசுவது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவேன்.

அண்ணாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில், அந்தப் பூச்சுப் பிரிவிலேயே வேலை பார்த்தவர். பட்டில் சாயம் பிடிக்கப் புளிப்பு, அதாவது அமிலம், வேண்டும். அதை மொத்தமாகக் கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மற்றவர்கள் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டு அண்டா பக்கத்திலேயே நிற்பார்கள். இவர் எலுமிச்சை உப்பை உருண்டையாக்கி, மாத்திரைக்குப் பூசுவது மாதிரி மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டார். எதைப் பூசினார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே எழுதியது போதும்.

எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கலவை போடுகிற நேரத்தில், நூல் கொண்டுவந்தவரை டீ குடிச்சிட்டு வாங்க என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அவரும் ஏன் என்று கேட்கமாட்டார். அண்ணா தன் சொந்த மச்சானையே அனுப்புகிறவர். ஒரே தெருக்காரி என்பதால் என்னை மட்டும் நிற்கவிட்டார். "நீ பாரு வக்கீலம்மா, நீ என்னா பட்டறையா வைக்கப்போற" என்று சிரித்தார். நான் வக்கீல் இல்லை என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இதுக்குக் காப்புரிமை வாங்கலாம்ணா என்று நான்தான் ஆரம்பித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை நோட்டும் தெர்மாமீட்டருமாகப் போய் உட்கார்ந்தேன். அளவு, சூடு, காயவைக்கிற நேரம், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எழுதிக் குடுத்தா வெளிய யாருக்கும் தெரியாதுல்லம்மா?"

"சட்டம் உங்க பக்கம் இருக்கும்ணா" என்றேன்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சொல்லும்போதே எனக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டுப் பதினெட்டு மாதம் ஆனால் அதை முழுசாக இணையத்தில் வெளியிட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காப்புரிமை கிடைத்தால் அவரைக் கேட்காமல் யாரும் செய்யக் கூடாது. கிடைக்காவிட்டால் ஊரே செய்யலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். விண்ணப்பத்தின் ஏஜென்ட் கட்டத்தில் என் பெயர் மட்டும் இருக்கிற முதல் கேஸ் அது.

ஒரு வருஷம் கழித்து எங்கள் சீனியர் மேடம் அதைப் படித்தார். படித்துவிட்டுப் பழைய வெளிநாட்டு ஆவணம் ஒன்றைத் தேடி எடுத்து என் மேஜையில் வைத்தார். கம்பளிக்குச் சாயம் போடும்போது புளிப்பை மெதுவாக இறக்குகிற ஒரு முறை. புதுசு என்று சொல்லவிடாமல் இது குறுக்கே நிற்கும், பதினைந்து மாதத்துக்குள் வாபஸ் வாங்கினால் வெளியே வராது, அந்த மனுஷனுக்கு ரகசியமாவது மிஞ்சும் என்றார். கம்பளி வேறு, பட்டு வேறு, வாதாடலாம் மேடம் என்றேன். வாதாடலாம்தான். ஆனால் அதை நான் முடிவு செய்திருக்கக் கூடாது, அண்ணாவிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அப்பா தென்னேரிச் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார், பொண்ணு சொந்தமா கேஸ் போட்டிருக்குது என்று. வாபஸ் வாங்குவதற்கான கடைசித் தேதியை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த நாள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். ஊருக்கு வெளியே பெரிய மெஷின் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் போனோடு வந்திருக்கிறார். "அண்ணா, உங்க பேரு இன்டர்நெட்ல வந்திருக்குது" என்று காட்டியிருக்கிறார். அண்ணா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாராம். இங்கிலீஷில் தன் பெயர் அவருக்குப் படிக்கத் தெரியும். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்களாம். டீயைக் குடித்துக்கொண்டே அவர், இந்தச் சூட்டுக்கு மேலே போனால் உருண்டை என்ன ஆகும் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அண்ணாவும் பதில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

வழக்கமாக அண்ணாவிடம் வருகிற பெரிய பட்டுக்கடையின் நூல் இப்போது அந்த மெஷின் பட்டறைக்குப் போகிறது. போன வாரம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து விண்ணப்பத்தின் பரிசீலனை அறிக்கையும் வந்துவிட்டது. முதல் ஆட்சேபணையே மேடம் எடுத்து வைத்த அந்தக் கம்பளி ஆவணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பை வாசலிலேயே கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி உடும்மா" என்று அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதி வந்ததும் உருண்டை டப்பாவை எடுத்தவர், மூடியில் கை வைத்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

"போய் டீ குடிச்சிட்டு வா வக்கீலம்மா."

குரலில் கோபமே இல்லை. நூல் கொண்டு வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே குரல். டீக்கடையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி அதை எழுதி வைத்தவள் நான். நான் பார்க்கக் கூடாது என்று அவர் அந்த டப்பாவைத் திறக்காமல் நின்றது சரிதான் என்று பட்டது. டீ ஆறிப்போச்சு.

அறிக்கைக்குப் பதில் கொடுக்க ஆறு மாதம் இருக்கிறது. பட்டுக்கு மட்டும், அவருடைய அந்தப் பூச்சுக்கு மட்டும் என்று உரிமையைச் சுருக்கிக் கேட்டால் ஒரு வழி இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாதத்தை இன்னும் எழுதத் தொடங்கவில்லை. முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். இதுவரை வெளியே போனது எது, பதில் கொடுத்தால் இனி எது போகும், ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று. வருகிற ஞாயிறு அதை அண்ணாவுக்கும் அண்ணிக்கும் படித்துக்காட்டப் போகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பக்கத்தின் முதல் வரி, நான் வக்கீல் இல்லை என்பது. இரண்டாவது வரி, நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்குப் பதில், எல்லோருக்கும் தெரிந்துவிடும் அண்ணா என்பது.