கன்னத்தில் விழுந்த மங்கு

என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தபோது, எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் அத்தனை பேரும் டாக்டர்களாகிவிட்டார்கள்.

1969 இனக்கலவரத்தால் அவசரகாலம் அறிவித்திருந்த நேரம். லுக்குட் டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான்காவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், ஊரடங்கில் லோரியும் கிடைக்காமல், செத்துப் பிழைத்தவள் நான். இன்னொன்று பெற்றால் உயிர் தங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் என் கணவரிடமே சொன்னார். அவர் வீட்டுக்கு வந்து, "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, சாமி பாத்துக்கும்லா," என்றார். சாமிக்கு வேறு வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. லுக்குட் கிளினிக்கில் மிஸியிடம், அதாவது தாதியிடம், கர்ப்பத்தடை மாத்திரை வாங்கிப் பவுடர் டின்னுக்குள் ஒளித்துவைத்துத் தினம் ஒன்று விழுங்கினேன்.

அப்போது எனக்குப் புதுக்கன்று நட்ட மேட்டில் புல் வெட்டும் வேலை. கன்றுகள் முழங்கால் உயரம். தலைக்கு மேல் ஓர் இலை நிழல் கிடையாது. மூன்றாம் மாதம் கன்னத்திலும் மேலுதட்டின் மேலும் பழுப்பாகப் படர்ந்தது. பிள்ளை உண்டானவளுக்குத்தான் மங்கு விழும் என்பது லயத்துச் சட்டம். மாமியார் என் மோவாயைத் தூக்கிப் பார்த்து, "அஞ்சாவது. பையன்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். கன்னத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் மேதை.

"இல்ல அத்தே, வெயிலுதான்."

"எங்களுக்கு அடிக்காத வெயிலா?"

அக்கம்பக்கத்தார் மாங்காயும் புளிச்சோறும் கொண்டுவந்தார்கள். பசி, தின்றேன்.

அடுத்த வாரம் என் தீட்டுத்துணி கொடியில் காய்ந்தது. மாங்காய் நின்றது. "கலைச்சிட்டா" என்ற பேச்சு குழாயடியில் தொடங்கி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு வரை போனது. அப்படி ஒரு பிள்ளை இருக்கவே இல்லை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. தாங்கள் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட என்னைக் கொலைகாரியாக்குவது அவர்களுக்குச் சுலபம். மாமியார் வீட்டைக் கிளறி, டின்னைத் திறந்து, மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டார். கணவர் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். மிஸி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "மாத்திரையும் வெயிலும் சேந்தா சில பேருக்கு இப்படி வரும்மா. தொப்பி போட்டுக்க. நிறுத்துனா கொறையலாம். நிறுத்திடுவமா?"

"மூஞ்சி கெடக்கட்டும் மிஸி, மாத்திரைய குடுங்க."

அன்று சாயங்காலம் எல்லோரும் குடம் வைத்துக் காத்திருக்கும் நேரம் பார்த்துக் குழாயடிக்குப் போனேன். அட்டையைப் பிரித்து, ஒன்றை வாயில் போட்டு, எல்லோர் முன்னாலும் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.

"மங்கு இதாலதான் வந்துச்சி. இன்னொன்னு பெத்தா நான் செத்துருவேன். நாலையும் யாரு வளக்கப் போறீங்க? இப்பவே சொல்லுங்க."

பிறக்காத பிள்ளைக்கு மாங்காய் கொண்டுவந்தவர்கள், பிறந்த நாலுக்குக் கை நீட்டவில்லை. மாமியார் தன் குடம் நிறைந்து வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மங்கு முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் கண்ணாடியில் தெரிகிறது. அதைப் பார்க்க நான் இருக்கிறேன்.