நாற்பதாவது தலை

இதைக் கதை என்று நினைத்துப் படித்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அத்தான் பேய் பிசாசு என்ற பேச்சுப் பக்கமே போகாதவர். யாராவது ஆரம்பித்தால், "எத்தனை பேர் பார்த்தீங்க? சரியா எத்தனை மணிக்கு?" என்று கேட்டே அவர்கள் வாயை அடைத்துவிடுவார். அவர் வேலை அப்படி.

நாடாளுமன்றத்தில் அவருக்குத் தலை எண்ணுகிற வேலை. சபாநாயகருக்குக் கீழே போட்டிருக்கும் நீள மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சபை நடக்க வேண்டுமென்றால் குறைந்தது நாற்பது உறுப்பினர்கள் உள்ளே இருக்க வேண்டும். அதைக் கோரம் என்பார்கள். ஆள் குறைகிறது என்று யாராவது எழுந்து சொன்னால் மணி அடிக்கும். நான்கு நிமிடம். அதற்குள் நாற்பது தலை தேறாவிட்டால் அன்றைய சபை முடிந்தது. தேறியதா இல்லையா என்று சொல்வது அத்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தலைகூடத் தப்பியதில்லை. கொடியில் காயும் துணியைக்கூட எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். "உன்னையும் தினம் ஒரு தடவை எண்ணிப் பாக்குறாரா?" என்று அக்காவைக் கேலி செய்வோம்.

அன்று வெள்ளிக்கிழமை. கூட்டத்தொடரின் கடைசி நாள். மதியத்துக்கு மேல் ஒரே ஒரு மசோதா பாக்கி. அதைக் கொண்டுவந்தவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்த அம்மா. முந்தின வருஷம் ஒரு தையல் கம்பெனியில் தீப்பிடித்தது. துணி திருட்டுப் போகக் கூடாது என்று வெளிக்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இருபத்தாறு பெண்கள் வெளியே வர முடியாமல் செத்துப்போனார்கள். இனிமேல் ஆள் வேலை செய்கிற இடத்தில் கதவைப் பூட்டினால் முதலாளிக்கு ஜெயில். அவ்வளவுதான் மசோதா.

எதிர்த்து ஓட்டுப் போட்டால் பெயர் கெட்டுவிடும். அதனால் பிடிக்காதவர்கள் நைசாக நழுவினார்கள். ஃபோன் வந்த மாதிரி ஒருவர், இருமல் வந்த மாதிரி ஒருவர். மூன்று மணிக்கு நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். மூன்றரைக்கெல்லாம் பாதி நாற்காலி காலி. அடுத்த மாதம் தேர்தல். இன்று விட்டால் மசோதா அத்தோடு சரி. மேலே பார்வையாளர் மாடத்தில் செத்துப்போன பெண்களின் வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் அந்தப் பக்கம் நிமிரவே இல்லை. அவருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மூன்று முப்பத்தெட்டு. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் எம்.பி. எழுந்தார்.

"சபையில கோரம் இல்ல."

மணி அடிக்க ஆரம்பித்தது.

நடைபாதை, உணவகம், படிக்கும் அறை... கட்டடம் முழுக்க அந்த மணிதான். டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் ஓடி வந்தார். பின்னால் இருவர். அப்புறம் யாரையும் காணோம்.

அத்தான் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எண்ணினார்.

முப்பத்தொன்பது.

பழக்கப்படி வலமிருந்து இடமாகத் திரும்ப எண்ணினார்.

நாற்பது.

ஒன்று இடிக்கிறது. யாரோ இடம் மாறியிருக்கலாம். மறுபடி எண்ணினார். இடமிருந்து முப்பத்தொன்பது. வலமிருந்து நாற்பது. யாரும் நகரவில்லை.

மூன்று நாற்பத்தொன்று.

கடைசி வரிசைப் பக்கம் ஒரு சத்தம். டக்.

அங்கே இருப்பவை மடங்கும் நாற்காலிகள். ஆள் உட்கார்ந்தால்தான் கீழே இறங்கும். ஸ்பிரிங் பழசு, தானாக இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டக்... டக்... டக்...

மணி நின்றது. மூன்று நாற்பத்திரண்டு. காவலர்கள் கதவுகளைச் சாத்தினார்கள். இனி எண்ணி முடிக்கும்வரை யாரும் உள்ளே வர முடியாது. வெளியேயும் போக முடியாது.

"எத்தனை?" என்றார் செயலாளர். சபாநாயகருக்கு அடுத்தபடி அங்கே அவர்தான்.

"ஒரு நிமிஷம் சார்."

இந்தத் தடவை ஒவ்வொரு முகமாகப் பென்சிலை நீட்டி எண்ணினார். முன்வரிசை. இரண்டாவது. மூன்றாவது. முப்பத்தேழு... முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது.

கடைசி வரிசை.

நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கொட்டாவி எம்.பி.! சபையில் அவர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான், அதனால் ஊழியர்கள் வைத்த பெயர். அட, இவரையா இத்தனை தடவை விட்டோம்?

ஆனால் அவர் கொட்டாவி விடவில்லை. சாயவும் இல்லை. முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் தொடை மேல்.

சட்டைக்குக் காலர் இல்லை.

டீச்சரைப் பார்க்கவில்லை. சபாநாயகரைப் பார்க்கவில்லை. அத்தானையே பார்த்தார்.

கண் இமைக்கவில்லை...

"எத்தனைய்யா?"

பென்சில் அவரை நோக்கித்தான் நீண்டிருந்தது.

"நாப்பது," என்றார் அத்தான்.

"தொடருங்கள்," என்றார் சபாநாயகர். மூன்று நாற்பத்து மூன்று.

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

கடைசி வரிசையில் யாரும் இல்லை.

கதவுகள் சாத்தியபடியே இருந்தன.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு மசோதா நிறைவேறியது. எதிர்க்க உள்ளே ஆள் இல்லை. மாடத்தில் யாரோ ஒரு பெரியவர் வாய்விட்டு அழுதார். அத்தான் காகிதங்களை அள்ளிக்கொண்டு நேராக வாசல் காவலரிடம் போனார்.

"கொட்டாவி எப்ப வெளிய போனாரு?"

காவலர் சிரித்தார். "அவரா? அவர் சபைக்கு வந்தே ஒரு வாரம் ஆச்சு சார். ஆஸ்பத்திரியில இருக்காராம்."

அன்றிலிருந்து வீட்டில் அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். திங்கட்கிழமை கேமரா அறைக்குப் போய் அந்த ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்தார். இடமிருந்து முப்பத்தொன்பது. வலமிருந்தும் முப்பத்தொன்பது. கடைசி வரிசை துடைத்து வைத்த மாதிரி காலி. அதைப் பார்த்துப் பென்சிலை நீட்டிக்கொண்டு அத்தான் மட்டும் நிற்கிறார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"உங்க கண்ணு நாப்பது பார்த்துச்சா இல்லையா?"

"பார்த்துச்சு."

"அப்ப பார்த்ததைத்தானே சொன்னீங்க. பேசாம படுங்க."

படுத்தால் தூக்கம் வந்தால்தானே. நாற்பது இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சட்டம் போய்விடும். வேலையும் போய்விடும். எழுதிக் கொடுக்காவிட்டால் பத்தொன்பது வருஷம் எண்ணியது எல்லாம் பொய்யாகிவிடும். கடைசியில் எழுதிவிட்டார். ஆனால் கொடுக்கவில்லை. மூன்று வாரம் அந்தக் கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஆள் பாதியாக இளைத்துப்போனார்.

நான்காவது வாரம் கொட்டாவி எம்.பி. வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டார். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை அவரைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அதனால் இதற்குமேல் நடந்தது நான் என் காதால் கேட்டது.

காலை பதினோரு மணி. எம்.பி. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் போர்வையோடு இருந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"அந்த வெள்ளிக்கிழமைதான் ஆபரேஷன். பாதியில இதயம் நின்னுபோச்சு தம்பி. மூணு முப்பத்தெட்டுக்கு. அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் திரும்பத் துடிச்சுதாம். ஆஸ்பத்திரிக் காகிதத்துல எழுதியிருக்கு."

அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன்.

அந்த அம்மா காபி போட உள்ளே போனதும் எம்.பி. மெதுவாகப் பேசினார்.

"இவகிட்ட சொல்லல. சொன்னா பயந்துடுவா. எனக்கு மணிச் சத்தம் கேட்டுச்சு. டீச்சர்கிட்ட வரேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். எழுந்தேன், வந்தேன். எப்படி வந்தேன்னு தெரியல. நீங்க பென்சிலை நீட்டி நாப்பதுன்னு சொன்னீங்க. அதோட சரி."

அத்தான் நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஒரு மாதமாக அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நான்காகக் கிழித்தார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"அப்ப நான் எண்ணினது சரிதான் சார்."

எம்.பி. அத்தானையே பார்த்தார். இமைக்காமல்...

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்," என்றார். "அந்த வரிசை முழுக்க இருந்தாங்களே. எனக்கு ரெண்டு பக்கமும். எல்லாம் பொம்பளைங்க. இடம் இல்லாம கதவு வரைக்கும் நின்னாங்க. நீங்க என்னை மட்டும் எண்ணிட்டு ஏன் நிறுத்திட்டீங்க?"